நீலப்படி வீடு

எங்கள் அடுக்ககத்தின் பராமரிப்புச் சங்கத்தார் சென்ற வாரம் ஒரு சுற்றறிக்கையைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார்கள். எல்லா வாசற்கதவுகளும் நிலைகளும் இனி ஒரே நிறத்தில் இருக்க வேண்டுமாம். அந்த நிறத்தையும் அவர்களே தேர்ந்துவிட்டார்கள்: சாம்பல். நிலையில் மஞ்சள் பூசுவதும் குங்குமம் இடுவதும் கூடாதாம். பூசை முடித்துக் கையில் ஏந்திய திருநீற்றுத் தட்டோடு அதைப் படித்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஆயுள் முழுதும் சாம்பலை நெற்றியில் தரித்தவனுக்கு வாசலில் சாம்பல் பூசுவது மட்டும் பொறுக்கவில்லை என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கள். எனக்கும் பிறகு வந்தது.

மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. நடைவழி நெடுகப் பெயிண்ட் அடிக்கிறார்கள். ஆனால் நெடியே இல்லை. இப்போது வருவது மணமற்ற பெயிண்டாம். டர்பன்டைன் மூக்கில் ஏறி, கண் கரித்து, சாப்பிடும் சோற்றிலும் அந்த வாடை வீசினால்தான் வீடு புதிதானதாக நம்பிய தலைமுறை எங்களுடையது. நெடி இல்லாத பெயிண்டை நின்று முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பொத்தேரிக் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் லிப்டுக்குள்ளிருந்து விநோதமாகப் பார்த்தார்கள். மூக்குக்கு எட்டாத அந்த நெடியைத் தேடித்தான் மனம் பழைய வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து உத்தியோகத்தின் பொருட்டு இந்தக் கடற்கரைப் பக்கம் வந்தவன் நான். பல ஆண்டுகள் அலுவலகக் குடியிருப்பில் காலம் தள்ளிவிட்டு, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையோரத்தில் ஒரு மனை வாங்கி வீடு கட்டினோம். சுவர்களுக்கெல்லாம் வெள்ளை அடித்தாயிற்று. வாசல் முகப்பும் படிகளும் மட்டும் வெறும் சிமெண்டாக நின்றன. என்ன நிறம் பூசுவது என்பதில் எனக்கும் என் மனைவி கோமதிக்கும் உடன்பாடு ஏற்படவில்லை.

அவளுக்கு நீலம் வேண்டும். அதிலும் ஏதோ ஒரு நீலமன்று. மாமல்லபுரத்து மணலில் இழுத்துப் போட்டிருக்கும் படகுகளின் நீலம். தாமிரபரணியைத் தவிர வேறு நீரை அறியாதவள், முதன்முதலாகக் கடலைக் கண்ட நாளில் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்துதான் கட்டுச்சோற்றைப் பிரித்தாள். "சாயங்காலம் படியில உக்காந்தா படகுல உக்காந்த மாதிரி இருக்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்" என்றாள். திருமணமான நாளிலிருந்து அவள் என்னிடம் வெளிப்படையாகக் கேட்ட ஒன்றிரண்டு பொருள்களில் அந்த நிறமும் ஒன்று.

என் மூளையோ பதிகங்களில் ஊறியது. வாசல் என்றால் அதற்குக் கோபுர வாசல். படி என்றால் சந்நிதிப் படி. இறைவன் வாயிலில் அடியார் மிதிக்கும் கல்லாகவேனும் கிடக்கமாட்டோமா என்று கரைந்தவர்களின் சொற்களை விடியல்தோறும் ஓதி ஓதி, கல்லாகக் கிடக்கும் தகுதி நமக்கு இல்லாவிடினும் நம் வீட்டுக் கல்லுக்காவது அந்தக் கோலம் வாய்க்கட்டுமே என்று எனக்கு ஓர் ஆசை. கோயில் மதிலில் இருக்குமே, வெள்ளைக்கு ஒரு பட்டை, காவிக்கு ஒரு பட்டை. அதையே முகப்புக்கும் படிகளுக்கும் அடிப்பது என்று முடிவு செய்தேன்.

பெயிண்டர் ஆறுமுகம் உள்ளூர்க்காரர். வாயில் பாக்கும் பேச்சில் குறும்பும் எப்போதும் உண்டு. நான் சொன்னதைக் கேட்டதும் தூரிகையைத் தகர டப்பாவின் மேல் வைத்துவிட்டார்.

"இன்னா சார், நெசமாத்தான் சொல்றியா? வூட்டுக்குப் போய் கோயில் பட்டையா?"

"ஏன், கூடாதா?"

"கூடாதுன்னு யார் சொன்னா? நாளைக்கி வேலைக்கு வந்தா செருப்ப எங்க வுடறதுன்னு கேட்டேன்."

கோமதி உள்ளேயிருந்து, "அடிங்க, அடிங்க. அவருக்குச் சாமி முக்கியம். உக்காருதவளா முக்கியம்?" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

காவி காய்ந்த மறுநாள் காலை, நீராடி, திறந்த மார்பில் நீறு பூசி, பதிகத்தின் கடைசி அடியை முணுமுணுத்தபடி வாசற்கதவைத் திறந்தேன். படியருகே இரண்டு பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையேந்தி நின்றிருந்தார்கள்.

"சாமி, துண்ணூறு."

திடுக்கிட்டுப் போய், எனக்குப் பின்னால் யாராவது குருக்கள் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவருமில்லை. நீறு கேட்டு நீட்டிய கையை மறுப்பது எப்படி? தட்டை எடுத்து வந்து கொடுத்துவிட்டேன். அதுதான் நான் செய்த அர்ச்சகர் வேலையின் தொடக்கம். திருக்கழுக்குன்றத்து மலையை வலம்வரப் போகும் வண்டிகள் எங்கள் வாசலில் நிற்கத் தொடங்கின. "நட எப்ப சாமி தொறப்பீங்கோ?" என்று சன்னல் வழியாகக் கேட்டார்கள். படியில் தேங்காய் உடைத்தார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். மின் கணக்கு எடுக்க வந்தவரே கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் மீட்டர் பெட்டியைத் திறந்தார். எங்கள் சமையலறையில் தேங்காய்க்குக் குறைவே இல்லாமற் போயிற்று. தேங்காய்த் துவையலைக் கண்டாலே எனக்கு உள்ளூர நடுக்கம் எடுத்தது.

பொறுக்காமல் ஒரு தகரப் பலகை செய்து, "இது வீடு. கோயில் அன்று" என்று பெரிய எழுத்தில் எழுதி கேட்டில் மாட்டினேன். அலுவலகம் போய்த் திரும்பி வந்து பார்க்கிறேன், பலகைக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, ஒரு சாமந்திச் சரமும் சாத்தியிருந்தார்கள்.

இதையெல்லாம் பிறரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் ஒரு மாலை கோமதி முகம் வெளுத்து உள்ளே வந்தாள். படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறாள். சாலையோடு போன ஒரு மூதாட்டி நின்று அதட்டியிருக்கிறாள்: "இன்னாமே, சாமி படில குந்திகினு கீரே? எழுந்துரு மொதல்ல!"

"நானும் எழுந்துட்டேங்க" என்றாள் கோமதி. அதுதான் அவளை அதிர வைத்திருந்தது. "என் வீட்டுப் படி. அவ சொன்னா, நான் எழுந்துட்டேன்."

கீரை இன்னும் அவள் மடியில் இருந்தது. அப்போதே தீர்மானித்துவிட்டேன். ஆறுமுகத்துக்குச் சொல்லியனுப்பினேன். பொங்கலுக்குள் படகு நீலம். கோமதியின் முகத்தில் அதன் பிறகுதான் இரத்தம் ஏறியது. போகிற வருகிறவர்களிடமெல்லாம், "பொங்கலுக்கு எங்க வாசல் நீலம் ஆகுது" என்று தானாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆறுமுகம் நீல டப்பாவோடு வந்த நாளன்று நடந்ததுதான் எனக்கு விளங்கவே இல்லை. கேட்டின் குறுக்கே கையை நீட்டி நின்றுகொண்டு, "அடிக்க வேண்டாம். இப்படியே இருக்கட்டும்" என்றாள் கோமதி.

"இன்னாம்மா, நேத்து வரிக்கும் நீலம் நீலம்னு பேஜாரு பண்ணிகினு இருந்தியே!"

அவள் கேட்டின் கம்பியைக் காட்டினாள். மஞ்சள் துணியில் ஒரு சிறு தொட்டில், உள்ளே கைப்பிடியளவு கூழாங்கல்லோடு முடிச்சிடப்பட்டுத் தொங்கியது. பிள்ளை வரம் வேண்டுவோர் மரத்தில் கட்டும் தொட்டில்.

முந்தின நாள் நண்பகலில், வெயிலில் சுருண்டு ஒரு பெண் படியோரம் வந்து நின்றாளாம். பெயர் அஞ்சலை. படாளத்துக்கு உள்ளே ஏதோ சிற்றூர்; கல்யாணமாகி வெகுகாலமாகியும் பிள்ளை இல்லை. மலையை வலம் வந்து திரும்பும் வழியில் பேருந்தைத் தவறவிட்டிருக்கிறாள். கோமதி மோர் கொடுத்து, படியில் உட்கார வைத்து, வழக்கம்போல நீலக் கதையையும் சொல்லியிருக்கிறாள். மோர்த் தம்ளரைக் கழுவி எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் அவள் போய்விட்டாள். கம்பியில் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"கோயில்னு நெனச்சுக் கட்டிட்டா, பாவம். பிள்ளை பிறந்தா நேர்த்திக்கடன் கழிக்க வருவாள்லா? வந்து பார்த்து, கட்டின இடத்தையே காணோம்னா அவ மனசு என்ன பாடுபடும்? அவ வர்ற வரைக்கும் இந்தப் பட்டை இருக்கட்டும்."

"வராவிட்டால்?" என்றேன்.

"பிறக்காதுன்னு சொல்லுதீங்களா?"

ஆறுமுகம் பாக்கைத் துப்பிவிட்டு வந்து, சத்தமில்லாமல் டப்பாவை மூடினார்.

ஆக, காவி வேண்டாம் என்றவளே ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வைத்தாள். படியில் உட்காருவதை விட்டுவிட்டாள். மாலையில் உள்ளே சன்னலோரம் நாற்காலி போட்டுக்கொண்டு, சாலையில் போகும் இடுப்புப் பிள்ளைக்காரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அஞ்சலையின் தொட்டிலைப் பார்த்து வேறு பெண்களும் தொட்டில் கட்டினார்கள். மஞ்சளும் சிவப்புமாகக் கம்பியே தெரியாதபடி துணிகள் ஆடின. அவற்றையும் அவிழ்க்க அவளுக்குக் கை வரவில்லை. வேலி இருந்த இடத்தில் மதில் எழுப்பினோம், அதற்கும் பட்டை அடித்தோம். தேங்காய் ஓடு, கற்பூரக் கரி, பலகையின் எழுத்தை மறைத்துத் தொங்கும் உலர்ந்த சரம் என்று பார்ப்பவர் எவருக்கும் அது கோயிலேதான். வெளுத்துப் போன அந்த முதல் தொட்டிலை மட்டும் துணிக்கூட்டத்தில் விலக்கித் தேடி, முடிச்சு இறுகியிருக்கிறதா என்று கோமதி அவ்வப்போது தொட்டுப் பார்ப்பாள். நான் பதிகம் ஓதும்போது முன்பெல்லாம் எனக்காகவும் என் குடும்பத்துக்காகவும் வேண்டிக்கொள்வேன். நாளடைவில், முகமே அறியாத ஒருத்தியின் வயிறு அந்த வேண்டுதலின் நடுவில் வந்து அமர்ந்துகொண்டது.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு ஆண்டுகள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாசலில் தினசரி படித்துக்கொண்டிருந்தேன். சாலையின் எதிர்ப்புறம் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு வெகுநேரம் இங்கும் அங்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அங்கே நின்றபடியே குரல் கொடுத்தாள்.

"சாமி, இங்க நீலப்படி வூடு எங்க கீது?"

"நீலப்படியா? அப்படி எந்த வீடும் இல்லையே அம்மா."

"நல்லா ரோசன பண்ணி சொல்லு சாமி. வாசப்படி பூரா நீலமா இருக்கும். படகு கலரு."

"இந்தச் சாலையில் இல்லை. கிட்டே வந்து வெயில் படாமல் நில்லேன்."

"வேணாம் சாமி. இது கோயிலு. நான் தேடறது வூடு."

சொல்லிவிட்டு அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். நண்பரே, ஆண்டுக் கணக்காக நாங்கள் எவளுக்காக அந்தக் காவியைக் காத்தோமோ, அவளை நானே வழியனுப்பிவிட்டுத் தினசரியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 'படகு கலரு' என்ற சொல் என் புத்திக்கு எட்டுவதற்குள், சமையலறை வரை அது எட்டிவிட்டது. ஈரக் கையோடு கோமதி ஓடி வந்தாள். செருப்புக்கூடப் போடாமல் கேட்டைத் தாண்டிச் சாலையில் ஓடினாள்.

"ஏட்டி அஞ்சல! நில்லுட்டி!"

நெல்லைத் தமிழ் அந்தச் செங்கல்பட்டுச் சாலையில் அப்படி ஒலித்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்தப் பெண் திரும்பினாள்.

"யம்மா! நீயா? இன்னாம்மா இது, நீலம் அடிக்கிறேன்னியே? இன்னாச்சு?"

"உனக்கு அடையாளம் தெரியணும்னுதாம்ட்டி அடிக்காம வச்சிருக்கேன்!"

"அட போம்மா! பொங்கலுக்கு நீலம் ஆகுதுன்னு நீதானே சொன்னே? போன வருசமே இத்தத் தூக்கினு வந்தேன். ரோடு பூரா நீலத்தத் தேடிகினு மாமல்லபுரம் வரிக்கும் பஸ்லயே போயிட்டு வந்தேன். இந்தக் கோயில மூணு நாலு தபா தாண்டிப் போயிருப்பேன். இம்மாம் மதிலும் தொட்டிலும் அன்னிக்கி ஏது? வூட்ட இடிச்சிட்டு கோயிலு கட்டிட்டாங்க போலன்னு அழுதுகினே திரும்பிட்டேன்."

கோமதி சாலையோரத்திலேயே நின்று சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடியும் சிரித்தாள். நான் அருகில் போய், என்னை மீறிக் கேட்டேன். "கோயில் என்று நினைத்துத்தானே தாயே அன்று தொட்டில் கட்டினாய்?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஏளனம் இல்லை, வியப்புதான் இருந்தது.

"கோயிலா? உள்ள குக்கரு விசிலு அடிச்சிகினு இருந்துச்சு சாமி. கோயில்ல இன்னாத்துக்கு குக்கரு? பலக வேற மாட்டி வச்சிருந்தே. எனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும்."

"பிறகு ஏன்?"

"எங்க ஊரு கோயில்ல மரம் கீது. நாங்க கிட்ட போவக் கூடாது. தூரமா நின்னு துணியக் குடுத்தா அவங்க கட்டுவாங்கோ, இல்லாங்காட்டி கட்ட மாட்டாங்கோ. அன்னிக்கி இந்த அம்மா மோரு டம்ளர என் கையில குடுத்துச்சு. மேலருந்து ஊத்தல. படில குந்துன்னுச்சு. மடியில துணி இருந்துச்சு, அவங்க கிட்ட குடுக்கலாம்னு வச்சிருந்தது. இன்னாத்துக்கு அவங்கள்னு இங்கியே கட்டிட்டேன்."

எத்தனையோ மேடைகளில் பதிகப் பொருள் விரித்தவன் நான். இறைவன் எளிவந்து அருளும் இடங்களைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். அன்று அந்தச் சாலையோரத்தில், கையிலிருந்த தினசரியை மடித்து மடித்துக்கொண்டு நின்றேன். காவிப் பட்டையைக் கண்டு எத்தனையோ பேர் என் வீட்டைத் தேடி வந்தார்கள். அதே பட்டையைக் கண்டு அவள் மட்டும் எதிர்ச்சாரியில் நின்றுவிட்டாள்.

கோமதி குழந்தையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். படி வந்ததும் அஞ்சலையின் கால் தானாக நின்றது. பட்டைகளைப் பார்த்தாள்.

"இருக்கட்டும்மா. இங்கியே நிக்கிறேன்."

"நீ அன்னைக்கு உக்காந்த படிதாம்ட்டி."

"அன்னிக்கி வூடா இருந்துச்சும்மா."

கோமதி குழந்தையைப் படியில் இறக்கிவிட்டாள். அது காவியில் ஒரு கையும் வெள்ளையில் ஒரு கையும் ஊன்றி, நிலையை நோக்கி விறுவிறுவென்று தவழ்ந்து ஏறியது. பிள்ளை உள்ளே போனபின் தாய் வெளியே நிற்க முடியுமா? அவளும் ஏறினாள்.

அந்த வாரமே ஆறுமுகம் வந்தார். "இன்னா சார், சாமி காலி பண்ணிகினு போயிட்டாரா?" என்றார். "இனிமேல்தான் குடிவரப் போகிறார்" என்றேன். அவர் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு பெரிதாகச் சிரித்தார். நீலம் ஏறியது. டர்பன்டைன் நெடியில் எங்கள் இருவருக்கும் தலைவலி வந்தது. தேங்காய்கள் நின்றன, வண்டிகள் நிற்காமல் போயின. மற்றத் தொட்டில்களையெல்லாம் மலையடிவாரத்து மரமொன்றில் கொண்டுபோய்க் கட்டினேன். அஞ்சலையின் தொட்டிலை அவளே அவிழ்த்துக்கொண்டு போயிருந்தாள்.

அதன் பிறகு அறுவடை முடிந்த நாள்களில் அவள் பிள்ளையோடு வருவாள். பேருந்திலிருந்து இறங்கும்போதே, "யம்மா, படகு கீதா?" என்று கூவுவாள். இருவரும் நீலப் படியில் உட்கார்ந்து மொச்சை உரிப்பார்கள். வேடந்தாங்கல் பக்கம் பறக்கும் கொக்குக் கூட்டத்தை அண்ணாந்து பார்த்துப் பிள்ளை கை தட்டும். உள்ளே பதிகம் ஓதிக்கொண்டிருக்கும் எனக்கு அவர்களின் பேச்சொலி இடையிடையே வந்து விழும். நான் ஓதுவதை நிறுத்தியதில்லை. குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வதுண்டு.

பிறகு சாலையை அகலப்படுத்த வந்தார்கள். அளந்து வண்ணக்கோடு போட்டுவிட்டுப் போனவர்கள் ஒரு காலையில் இயந்திரத்தோடு வந்து நின்றார்கள். மதில், கேட், முகப்பு, படிகள் எல்லாம் கோட்டுக்கு வெளியே விழுந்தன. எஞ்சிய பகுதியை விற்றுவிட்டுப் பொத்தேரி அடுக்ககத்துக்கு வந்து சேர்ந்தோம். அஞ்சலையிடம் தொலைபேசி இல்லை. ஊர்ப் பெயரை நாங்கள் ஒருநாளும் கேட்டுக்கொள்ளவில்லை. வரத்தான் போகிறாளே என்ற நம்பிக்கை. அந்த இடத்தில் இப்போது ஒரு கைப்பேசிக் கடை இருக்கிறது. வாசல் முழுதும் கண்ணாடி. பார்த்த இடமெல்லாம் சாலைதான் தெரிகிறது. படி என்று சொல்ல அங்கே ஒரு கல்கூட இல்லை.

நேற்று எங்கள் கதவுக்கும் சாம்பல் நிறம் அடித்து முடித்தார்கள். கோமதி நெடுநேரம் வெளியே நின்று, வரிசையாக ஒரே மாதிரி இருந்த கதவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு லிப்டில் இறங்கிப் போனாள். மேலே சாளரத்திலிருந்து பார்த்தேன். வாயிற்காவலரிடம் கையை அசைத்து அசைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வடநாட்டிலிருந்து வந்து சேர்ந்த பையன். தமிழ் இன்னும் வரவில்லை. அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

திரும்பி வந்தவளிடம், "என்ன சொன்னாய்?" என்று கேட்டேன்.

"படாளத்துல இருந்து ஒருத்தி பிள்ளையோட வருவா, நீலப்படி வீடு எங்கன்னு கேப்பா, இல்லேன்னு மட்டும் சொல்லிராதேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள்.